'பழசாயிடுச்சு' என்பது பழுதின் பெயர் இல்லை

"எட்டு வருஷ லேப்டாப், ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் எடுக்குது. புதுசு வாங்கிடவா?" அடிக்கடி வர்ற கேள்வி இது. நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்: எந்தப் பாகம் திணறுதுன்னு பார்த்தீங்களா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நின்னா, பிராசஸர் மேல தப்பில்லை. பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். ஹெட் நகர்ந்து சரியான இடத்தைப் பிடிக்கவே சராசரியாக 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது. அதே வேலை ஒரு மில்லி செகண்டுக்குள் முடிஞ்சுடும். அதை மாத்துற செலவு, புது லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான்.

4 ஜிபி ரேம் நிரம்பினாலும் டிஸ்க் இப்படித் திணறும். அப்போ ரேம் சேர்க்கணும். போர்டிலேயே சால்டர் செய்த சில மாடல்களில் அது முடியாது. வாங்குறதுக்கு முன்னாடி செக் பண்ணிக்கோங்க.

எதைக் கழற்றுவதற்கும் முன் டேட்டாவை காப்பி எடுங்க. ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்'னு சத்தம் வந்தா, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. லேப்டாப் போனா இன்னொண்ணு வாங்கலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் பாட்டியோட போட்டோவும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சரி, எப்போ விட்டுடணும்? மதர்போர்டு போயிருந்தா, பழைய மாடலுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பேட்டரி உப்பியிருந்தா சார்ஜ் போடுறதை உடனே நிறுத்துங்க. ஆனா அங்கேயும் மாத்த வேண்டியது பேட்டரியைத்தான்.

அடுத்தது சாஃப்ட்வேர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிஞ்சது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்குது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களை அது ஏத்துக்காது. பிரவுசிங், கோடிங், டாக்குமெண்ட் மட்டும்னா லினக்ஸ் மின்ட் போடுங்க, இன்னும் சில வருஷம் ஓடும். ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் கட்டாயம் வேணும்னா, யோசிக்காம புதுசுக்குப் போங்க.

ஆக, வீட்டுல காசு கேட்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் டாஸ்க் மேனேஜரைப் பாருங்க. எது பழுதுன்னு தெரிஞ்ச பிறகு எடுக்கிற முடிவு, ரிப்பேரா இருந்தாலும் சரி, புதுசா இருந்தாலும் சரி, நல்ல முடிவுதான். அடுத்த எபிசோடில் பேசலாம்.