ஆயிரம் நாள் நிரம்பாத நாடு



மேற்கு ஆப்பிரிக்காவில் 1967 மே 30ஆம் நாள் பிறந்து, 1970 சனவரி 15ஆம் நாள் மாய்ந்தது பயாபரா என்னும் நாடு. ஆயிரம் நாளும் நிரம்பவில்லை. அதனை எழுப்பியோர் இக்போ இனத்தார். கல்வியிலும் வணிகத்திலும் முந்திநின்ற மக்கள். அத்தகையோர் உயிர்கொடுத்து எழுப்பிய நாடு ஏன் நிலைக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நைசீரியா அம் மண்ணின் மக்கள் கூடி அமைத்த நாடன்று. வடக்கையும் தெற்கையும் 1914இல் ஒன்றாக முடிந்தவர் பிரித்தானியர். வடக்கே அவுசா-புலானியர், மேற்கே யொரூபர், கிழக்கே இக்போவர், இடையிடையே நூற்றுக்கணக்கான சிற்றினத்தார். 1960இல் பிரித்தானியர் கப்பலேறினர். அவர் போட்ட முடிச்சு மட்டும் அவிழவில்லை.

1966 சனவரியில் இளம்படைத் தலைவர் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க எழுந்தனர். தலைமையமைச்சர் பலேவா கொல்லப்பட்டார். எழுந்தோருட் பெரும்பாலோர் இக்போவராதலின் பழி அவ்வினம் முழுமைக்கும் வந்து சேர்ந்தது. வடபுல நகர்களில் வாழ்ந்த இக்போவர் பல்லாயிரவர் அவ்வாண்டிலேயே வெட்டுண்டு மாண்டனர். பத்து இலக்கத்திற்கும் மேற்பட்டோர் கையிற் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே ஓடிவந்தனர். பிரிவினை வேட்கையை ஊட்ட மேடைப் பேச்சுகள் தேவைப்படவில்லை. அவ் ஏதிலியரின் முகங்களே போதியவாயின.

1967 சனவரியில், கானா நாட்டு அபூரியில், நடுவணரசின் தலைவர் கோவனும் கிழக்குப் பகுதியின் ஆளுநர் ஓசுக்குவும் கூடிப் பேசி உடன்பட்டனர். ஊர் திரும்பியதும் அவ் உடன்படிக்கைக்கு இருவரும் இருவேறு பொருள் கூறினர்.

இனித்தான் கருதற்குரிய செய்தி வருகின்றது. கிழக்கில் வாழ்ந்தோர் அனைவரும் இக்போவர் அல்லர். கடற்கரையும், கன்னெய் ஊறும் கழிமுகமும் இபிபியோ, எபிக்கு, இச்சோ, ஒகோனி முதலிய சிற்றினத்தார் வாழ்ந்த நிலம். இக்போவர் தம்மை ஆண்டுவிடுவரோ என்னும் அச்சம் அவர்க்குப் பழையது. பிரித்தானியர் அமைத்த வில்லிங்கு குழுவின்முன் 1957-58இலேயே தனி மாநிலம் கேட்டவர் அவர்கள். அதனைக் கொடுக்க ஓசுக்கு இசையவில்லை. கோவனோ 1967 மே 27ஆம் நாள் நைசீரியாவைப் பன்னிரண்டு மாநிலமாக வகுத்து, கிழக்கை மூன்றாகப் பிளந்தார். இக்போவர்க்கு ஒதுக்கியது கடலும் துறைமுகமும் இல்லாத உள்நாடு. மூன்று நாள் கழித்து விடுதலை அறிவிக்கப்பட்டபோதே அந் நாட்டின் விளிம்பு அறுந்திருந்தது. பயாபராவுக்காகப் பொருத சிற்றினத்தாரும் உண்டு. ஓசுக்குவுக்கு அடுத்து நின்ற பிலிப்பு எபியோங்கே இபிபியோ இனத்தவர்தாம். எனினும் தமக்குக் கேட்ட உரிமையைத் தம்மினும் சிறியோர்க்கு வழங்க மறுத்தது ஓசுக்குவின் பெரும்பிழை.

சூலை 6இல் போர் மூண்டது. பாவலர் கிறித்தோபர் ஒக்கிக்போ எழுதுகோலை வைத்துவிட்டுப் படைக்கலன் ஏந்திக் களத்தில் வீழ்ந்தார். அக்டோபரில் தலைநகர் எனுகு விழுந்தது. 1968 மேயில் ஆர்க்கோர்ட்டுத் துறைமுகமும் போயிற்று. பிரித்தானியாவும் சோவியத்து ஒன்றியமும், உலகெங்கும் முட்டிக்கொண்டவை, இங்கே ஒன்றாய் நின்று நடுவணரசுக்குப் படைக்கலன் விற்றன! பயாபராவை ஏற்றவை தான்சானியா, காபோன், தந்தக் கடற்கரை, சாம்பியா, எய்தி என்னும் ஐந்தே.

பின்னர்ப் பசி கொன்றது. உலியில் நெடுஞ்சாலையொன்றையே வானூர்தித் தளமாக்கினர். இரவில், ஊர்தி இறங்கும் நேரத்திற்கு மட்டும் விளக்கேற்றுவர். அவ் வழி வந்த உணவு போதவில்லை. தரைவழி உணவு கொணரும் பேச்சு எழுந்தபோது, அதே வழியிற் படையும் வருமென அஞ்சி ஓசுக்கு மறுத்தார். அச்சம் வெறும் அச்சமன்று. ஆயினும் வயிறு வீங்கிய குழந்தைகள் காத்திருக்க இயலவில்லை. மாண்டோர் பத்து இலக்கத்திற்கும் மேல் என்பர். அவருட் பெரும்பாலோர் பசியால் இறந்தவர்.

1970 சனவரியில் ஓசுக்கு தந்தக் கடற்கரைக்குப் பறந்தார். அடிபணிவுத் தாளில் ஒப்பமிடும் துயரம் எபியோங்கைச் சேர்ந்தது. போருக்குமுன் வங்கியில் எவ்வளவு இட்டிருந்தாலும் இக்போவர்க்குக் கொடுத்தது இருபது பவுண்டே.

கோவனின் பிளவை நம்பிய சிற்றினத்தார் பெற்றதென்ன? ஒகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவா போரில் நடுவணரசின் பக்கம் நின்று போனித் துறைமுகத்தை ஆண்டவர். பின்னாளில், கன்னெய்க் குழாய்கள் தம் மக்களின் வயலையும் ஆற்றையும் பாழாக்கியதை எதிர்த்து எழுந்தார். 1995 நவம்பர் 10ஆம் நாள், அதே நைசீரியாவின் படையாட்சி அவரையும் அவருடன் எண்மரையும் தூக்கிலிட்டது.