செடியினுள் நிகழும் சரக்குப் போக்குவரத்து
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் செடியின் உயிரணுவைப் பற்றியது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே எழுத்தருக்கு உயிர்நூலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். உயிரணுவினுள் நிகழும் வேலையோ, சரக்குக் கொட்டகையில் நாம் நாள்தோறும் காணும் வேலையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆகவே துணிந்து பேச முற்பட்டோம்.

உயிரணு என்பது ஒரே அறை அன்று. மெல்லிய சவ்வுகளால் சூழப்பட்ட பல அறைகள் அதனுள் உள்ளன. அகப்பிளாச வலை என்னும் அறையில் பற்பல புரதங்கள் உருவாகின்றன. அவை கோல்கி உறுப்பு என்னும் அடுத்த அறைக்குச் செல்கின்றன. அங்கே பக்குவம் செய்யப்பட்டு வகைபிரிக்கப்படுகின்றன. பின்னர்ச் சில புறச்சவ்வுக்கும், சில வாக்குவோல் என்னும் பெரும் பைக்கும் போய்ச் சேருகின்றன. சரக்கு நிலையத்தில் வண்டி மாற்றி ஏற்றுவது போன்றதே இது. கோல்கி உறுப்பை 1898-இல் கண்டு விளக்கியவர் காமில்லோ கோல்கி என்னும் இத்தாலியர். விலங்கின் உயிரணுவில் அது பெரும்பாலும் கருவின் அருகே ஒருங்கே இருக்கும். செடியிலோ அது பல சிறு அடுக்குகளாகச் சிதறி, நுண்ணிழைகளைப் பற்றி ஓடிக்கொண்டே இருக்கும். சரக்கு மாற்றும் நிலையமே நகர்ந்துகொண்டிருக்கும் விந்தையை நம் இருப்புப்பாதையில் காண இயலாது!

சவ்வைக் கடந்து புரதம் எளிதில் செல்லாது. ஆகவே சவ்வின் ஒரு பகுதி கொப்புளம்போல் புடைத்து, சரக்கை உள்ளடக்கிக்கொண்டு அறுபட்டுத் தனிக் குமிழியாகின்றது. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே அக்குமிழியின் பருமன். அதனினும் சிறியனவும் உண்டு. அது சேரவேண்டிய அறையை அடைந்து, அதன் சவ்வோடு கலந்து, சரக்கை இறக்குகிறது. இப்போக்குவரத்தின் இயந்திர அமைப்பை வெளிப்படுத்தியமைக்காகவே ரோத்மன், ஷெக்மன், சூடோஃப் ஆகிய மூவருக்கும் 2013-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அன்பர்களே! இதனை நடத்துவோர் யாவர்? அவர்களும் புரதங்களே. முதலாவது, ஆர்ஃப் என்னும் சிறு புரதம். இதனைக் கைகாட்டி எனலாம். பாஸ்பேட்டு இரண்டு கொண்ட குவனோசினைப் பற்றியிருக்கும்வரை அது ஓய்ந்திருக்கும். அதனை விட்டு, பாஸ்பேட்டு மூன்று கொண்டதைப் பற்றியவுடன் சவ்வின்மேல் அமர்ந்து, குமிழியை வடிக்கும் உறைப் புரதங்களை அழைக்கும். இரண்டாவது, ராப் என்னும் புரத இனம். ஒவ்வோர் அறைக்கும் உரிய ராப் உண்டு. குமிழி எங்குச் சேரவேண்டும் என்பதற்கு அது விலாசம் போன்றது. மூன்றாவது, ஸ்நேர் என்னும் இனம். குமிழியிலுள்ள ஸ்நேரும் அறையிலுள்ள ஸ்நேரும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் நெருக்கி ஒன்றாக்குகின்றன.

கைகாட்டி தானே இயங்காது. இழுப்பதற்கு ஒருவர் வேண்டும். ஆர்ஃபை இயக்கும் அத்தகைய புரதங்களுள் ஒன்று க்னோம் என்பது. அதன் வரலாறு கேட்கத்தக்கது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், ஜெர்மனியின் கேர்ட் யூர்கன்ஸ் குழுவினர் 1991-இல் சில குறைப்பிறவி நாற்றுகளை விவரித்தனர். அவற்றுள் ஒருவகைக்கு வேரே இல்லை. வித்திலைகளும் செவ்வனே பிரியவில்லை. கடுமையான நிலையில் வெறும் உருண்டையாகவே நின்றது. க்னோம் என்னும் ஒரே மரபணு பழுதுற்றதே காரணம்.

சரக்கை அனுப்பும் ஒரு புரதம் இல்லாமற்போனால் வேர் ஏன் தோன்றவில்லை? செடியின் கருவில் வேர் எப்பக்கம், தளிர் எப்பக்கம் என்பதை ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் ஓடும் திசை பெரிதும் முடிவு செய்கிறது. அதனை உயிரணுவிலிருந்து வெளியேற்றுவது பின்-1 என்னும் புரதம். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். அடுத்தடுத்த அணுக்களிலெல்லாம் அது ஒரே பக்கத்தில் அமர்ந்தால்தான் ஆக்சின் ஆறுபோல் ஒரு திசையில் ஓடும். க்னோம் பழுதுற்ற கருவில் பின்-1 அவ்வாறு ஒழுங்காக அமரவில்லை என்பது 1999-இல் தெரியவந்தது. பின்-1 உண்டாகாமல் இல்லை. சேரவேண்டிய பக்கத்தில் சேரவில்லை.

பின்-1 அமர்ந்த இடத்திலேயே இருப்பதும் அன்று. சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகிறது. பிரெபெல்டின் என்னும் பூஞ்சண நச்சு இச்சுற்றைத் தடுத்து, பின்-1-ஐ உள்ளேயே தேங்கச் செய்யும். 2003-இல் ஆய்வாளர்கள் க்னோம் புரதத்தின் 1451 அமினோ அமிலங்களுள் ஒன்றை மட்டும் மாற்றி, அந்நச்சுக்கு அசையாததாக ஆக்கினர். அச்செடியில் நச்சு இட்டபோதும் பின்-1 தன் இடத்திலேயே நின்றது. நச்சு தாக்கிய இடம் க்னோம்தான் என்பது இதனால் உறுதியாயிற்று.

இவையெல்லாம் எங்கோ ஒரு களைச்செடியின் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. நாம் உண்ணும் நெல்லிலும் இவ்வாறே. அரிசியின் முதன்மைச் சேமிப்புப் புரதமாகிய குளூட்டெலின் வாக்குவோலுக்குச் செல்லவேண்டிய சரக்கு. ராப்-5 இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம் பழுதுற்ற நெல்லில் அச்சரக்கின் ஒரு பகுதி வழிதவறி உயிரணுவின் ஓரத்தில் இறங்கிவிடுகிறது. அரிசி தெளிவின்றி மாவுபோல் வெளுத்துப் போகிறது.

ஆக்குதல் மட்டும் போதாது. ஆக்கியது உரிய இடத்தில் சேரவும் வேண்டும் என்பதே இவற்றால் நாம் அறிவது. அறிவுக்கும் இது பொருந்தும். பிற மாநிலத்தில் வாழும் நம் மக்களின் குழந்தைகள் ஆங்கிலத்திலோ இவ்வூர் மொழியிலோ அறிவியல் பயில்கின்றனர். பயின்றதைத் தம் பாட்டியாரிடம் சொல்ல அவர்களிடம் தமிழ்ச் சொல் இல்லை. கூடத்தில் உண்டான அறிவு வீட்டு வாசலில் இறங்காமல் திரும்பிப் போகிறது. இரண்டு தலைமுறை இவ்வாறு சென்றால், தமிழ் சமையலறைக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியதாகிவிடும்.

ஆகவே நம் சங்க நூலகத்தில் அறிவியலுக்கென ஓர் அலமாரி ஒதுக்கப்பட வேண்டும். மாதம் ஒரு மாலை, நம் இளைஞர் ஒருவர் தாம் கல்லூரியில் கற்றதைத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். சொல் தட்டுப்படின் பெரியோர் எடுத்துக்கொடுக்கலாம். கருத்துத் தவறின் இளைஞர் திருத்தலாம். அறிவை உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் அப்பணிக்குப் பட்டம் வேண்டுவதில்லை. விலாசம் தெரிந்தால் போதும்.