பிறர் எழுதிய நிரலில் பயிலுதல்

மன்னார்த் தீவின் வடகரையில் அமைந்த பேசாலை, கடலை நம்பி வாழும் ஊர். அங்கு தொழிலுக்கு வரும் இளைஞன் எடுத்த எடுப்பிலே புதுவலை முடிய அமர்வதில்லை. கிழிந்த வலையைப் பொத்தவே அமர்கின்றான். கண்ணின் அளவும் முடிச்சின் போக்கும் அந்தப் பழைய வலையிலேயே அவனுக்குப் புலனாகின்றன. அவன் தம்பி பள்ளியிலே கணினியின் முன் அமரும்போது மட்டும் வெறுந்திரையைக் காட்டி, "எழுது" எனல் பொருந்துமா?

இலங்கையின் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் பைதன் மொழி இடம்பெறுகின்றது. அதனைக் கற்பிப்போருக்கு, இங்கிலாந்துக் கல்வியாளர் சூ சென்ரன்ஸ் 2017இல் முன்வைத்த முறை பெரிதும் உதவும். இயங்கும் செய்நிரலொன்றை ஆசிரியரே முதலில் தருகின்றார். அது தரப்போகும் விடையை மாணவன் முன்கூட்டியே சொல்லவேண்டும். பின்னர் இயக்கிப் பார்க்கின்றான், வரிவரியாக ஆராய்கின்றான், மாற்றுகின்றான், ஈற்றிலேதான் தனதொன்றை ஆக்குகின்றான். இவற்றுள் அருமையானது முதற்படியே. பிழைத்துவிடுமோ என்ற நாணத்தால் மாணவர் அதனைத் தாண்டிவிடப் பார்ப்பர்.

ஒரு வாரத்தில் பிடித்த மீனின் நாட்சராசரியைக் காணும் சிறு நிரலொன்றைக் கொள்வோம். ஞாயிறு கடலுக்குச் செல்லாத வாரத்தில் பட்டியலில் ஆறு எண்களே உள. மொத்தம் 420 கிலோ. நிரலோ 7ஆல் வகுத்து, 60 என்கின்றது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. கடலுக்குச் சென்ற நாளொன்றுக்குக் கிடைத்தது 70 அன்றோ? எழுதியவர் 7 என்று நிலையாக இட்டதை மாணவன் கண்டுபிடித்து, பட்டியலின் எண்ணிக்கையால் வகுக்குமாறு திருத்துகின்றான். அப்போது வகுப்பில் ஒருத்தி எழுந்து, "வீட்டுச் செலவு ஏழு நாளுக்கும் உண்டே, அம்மாவுக்கு 60தானே சரியான விடை?" எனக் கேட்கக்கூடும். அவ்வினாவுக்கு ஒரு பாடவேளையையே கொடுக்கலாம்.

முடிந்த பெருநிரலைத் தந்து ஓரெண்ணை மட்டும் மாற்றச் சொல்வது வேறு. அதிற் கற்பதற்கு ஒன்றுமில்லை. தரும் நிரல் மாணவன் முழுதும் வாசித்தறியக்கூடியதாய் இருத்தல்வேண்டும்; தரும் பகுதி வாரந்தோறும் குறையவும் வேண்டும். பரீட்சை மண்டபத்துக்கு ஆசிரியரின் நிரல் உடன்வராது. ஆகையால் அடுத்த வாரம் ஆசிரியர் பட்டியலை மட்டும் எழுதித் தருகின்றார். மிகுதியாய்க் கிடைத்த நாள் எதுவெனக் காணும் வரிகள் மாணவனுடையவை.