ஆடுகளம் பூட்டிக் கிடந்த ஆண்டுகள்

(இராஜபாளையத்தில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியிலும், மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மதரஸாவில் ஓதிய ஒரு மௌலவி பந்து விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று முன்வரிசையில் சில பெரியவர்கள் சிரித்துக் கொள்வது தெரிகிறது. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்துச் சலிக்கும் வரை கூடவே நின்றார்கள். தொழுகை தவறாமல், சூது கலக்காமல் ஆடும் ஆட்டத்தை நாம் ஏன் தடுக்க வேண்டும்? கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இத்துடன் விட்டு விடுவோம். நான் பேச வந்தது கொரோனா காலத்தில் நொறுங்கிப் போன சிறிய கால்பந்துக் கழகங்களைப் பற்றி.

நேற்று இராஜபாளையத்தில் ஒரு சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், உயிர் போய்க் கொண்டிருந்த நேரத்தில் பந்து ஒரு பெரிய விஷயமா?" நல்ல கேள்வி. மைதானத்தைப் பூட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்பது நபிமொழி. ஷாம் தேசத்தில் நோய் பரவிய செய்தி கேட்டு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 'ஸர்ஃக்' என்ற இடத்திலிருந்தே படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பின்னர் அம்வாஸ் கொள்ளை நோயில் அபூ உபைதா (ரலி) அவர்களே மறைந்தார்கள். எனவே பூட்டியது சரி. பூட்டைத் திறந்த பிறகு யார் உள்ளே வர முடிந்தது, யார் வர முடியாமல் போனது என்பதுதான் கேள்வி.

2020 மார்ச் 14 அன்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஆட்டங்களை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து நாளில் நாடே முடங்கியது. ஐ-லீக்கில் 28 ஆட்டங்கள் பாக்கி இருந்தன. அவை நடக்கவே இல்லை. மோகன் பகான் அதற்கு முன்பே முதலிடத்தை உறுதி செய்து விட்டதால் பட்டம் அவர்களுக்கு. மற்றவர்களுக்கு மிச்சமிருந்த பரிசுப் பணத்தில் சம பங்கு. யாரும் கீழே இறக்கப்படவில்லை. இது மேல்தட்டுக் கதை. பணம் உள்ள இடத்தில் வழி பிறந்து விடும். ஐ.பி.எல். கிரிக்கெட்டைத் தூக்கிக் கொண்டு போய் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடத்தினார்கள். ஐ.எஸ்.எல். கால்பந்தை கோவாவில் ரசிகர்களே இல்லாமல் நடத்தி முடித்தார்கள். தொலைக்காட்சிப் பணம் இருந்தது. காலி நாற்காலிகளின் முன்னால் ஆடினாலும் கல்லா நிரம்பியது.

கீழ்தட்டில் தொலைக்காட்சி ஏது? நுழைவுச் சீட்டு, டீக்கடை வசூல், உள்ளூர்க் கடைக்காரர் வாங்கித் தரும் பனியன், இவைதான் வருமானம். ஆட்டம் நின்றால் மூன்றும் நின்றது.

இங்கிலாந்தைப் பாருங்கள். கால்பந்தின் தாய்வீடு என்று பெருமை பேசும் நாடு. அங்கே கடைநிலை லீக்குகளின் முடிவுகளையெல்லாம் நடக்காதவை போலவே அழித்து விட்டார்கள். ஜெர்சி புல்ஸ் என்று ஒரு தீவின் அணி. அவர்களுக்கு அதுதான் முதல் சீசன். ஆடிய 27 ஆட்டங்களில் 27-லும் வெற்றி! அத்தனையும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. அந்த இளைஞர்களிடம் போய் 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மேக்கில்ஸ்ஃபீல்ட் டவுன் என்ற கழகம் 1874-லிருந்து இருந்தது. 2020 செப்டம்பரில் கடனுக்காக நீதிமன்றம் அதைக் கலைத்தது. கொரோனாதான் கொன்றது என்று சொன்னால் அது பாதி உண்மை. முந்தைய ஆண்டிலேயே அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை. நோய் வந்தபோது உடம்பில் ஏற்கெனவே சர்க்கரை இருந்தது, அவ்வளவுதான். பிறகு அந்த ஊர்ப்பக்கத்து வணிகர் ஒருவர் மைதானத்தை வாங்கி, ஒன்பதாம் படியிலிருந்து புதிய பெயரில் தொடங்கினார். வணிகர் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இப்போது நம் தமிழ்நாடு. 1946-ல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய அணி பிற்காலத்தில் சென்னை சிட்டி ஆனது. கோவை நேரு ஸ்டேடியம்தான் அதன் சொந்தக் களம். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். அந்த ஆண்டே ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. எவ்வளவு பெரிய உயரம்! அடுத்த சீசன் கொரோனாவால் பாதியில் நின்றது. அதற்கடுத்த சீசனை 2021 ஜனவரியிலிருந்து கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் அடைத்து வைத்து நடத்தினார்கள். கோவை ரசிகன் தன் அணியைக் கண்ணால் பார்க்கவில்லை. 2021-22 சீசன் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டு முடியுமுன் இந்த நிலை!

ஒரு முதலாளி, ஒரு பங்குதாரர், ஒரு சீசன் என்று கட்டப்பட்ட கழகம் ஒரு தடங்கலைத் தாங்காது. இதைப் புரிந்து கொள்ள கால்பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் பத்து வருடம் கடை வைத்திருந்தால் போதும்.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-ல் உருவான கழகம். 1934-ல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு பட்டம் வேறு யாருக்கும் போகவில்லை. ஆங்கிலேயப் பட்டாள அணிகள் தோற்றுப் போவதைக் காண மக்கள் திரண்டார்கள். அப்படிப்பட்ட கழகம் பிற்காலத்தில் இரண்டாம் டிவிஷனுக்குச் சரிந்து கிடந்தது. 2020 தொடக்கத்தில் ஆரம்பித்த இரண்டாம் டிவிஷனும் நோயால் நின்றது. அக்டோபரில் ஐந்து கழகங்களை மட்டும் வைத்து, ரசிகர் இல்லாமல் தகுதிச் சுற்று நடத்தினார்கள். முகமதன் முதலிடம் பெற்று மேலே ஏறியது. 2020-ல் நடக்காமலே போன கல்கத்தா லீக், 2021-ல் நடந்தபோது பட்டம் முகமதனுக்கு. 1981-க்குப் பிறகு நாற்பது ஆண்டு கழித்து! 2024 ஏப்ரலில், ரமளான் மாதத்தில், ஷில்லாங்கில் வென்று ஐ-லீக் பட்டமும் பெற்றது.

'நம் கழகம்' என்று கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் அதன் பிறகு ஐ.எஸ்.எல்.-லில் முதல் சீசனிலேயே கடைசி இடம், சம்பளப் பாக்கி என்ற செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். பெயரில் முகமதன் இருப்பதால் கணக்கு தானாகச் சரியாகி விடாது.

நம் மதுரை-கொல்லம் சாலையிலேயே செங்கோட்டை தாண்டிப் போனால் கேரளம். அங்கே மலப்புறத்தில் 'செவன்ஸ்' என்று ஏழு பேர் ஆடும் கால்பந்து ஒரு பெரும் வாழ்க்கை. கார்த்திகை வாக்கில் தொடங்கி கோடை வரை ஊர் ஊராக நடக்கும். ஆப்பிரிக்க இளைஞர்கள் கூட வந்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஆடுவார்கள். 2020 மார்ச்சில் சீசனின் நடுவே எல்லாம் நின்றது, விமானமும் இல்லை. தாய்நாடு திரும்ப முடியாமல் அந்த இளைஞர்கள் அங்கேயே மாட்டிக் கொண்டார்கள். மலப்புறத்து மக்கள் மீண்டும் கூட்டமாய்ப் பந்தாட்டம் கண்டது 2022-ல். சந்தோஷ் டிராபியின் இறுதி ஆட்டம் மஞ்சேரியில் மே 2 அன்று இரவு நடந்தது. மறுநாள் நோன்புப் பெருநாள்! வங்காளத்தைப் பெனால்டியில் 5-4 என்று கேரளம் வென்றது. அந்த ஊருக்கு அது இரண்டு பெருநாள்.

சரி, நம் ஊர்? பெரிய லீக் கழகம் எதுவும் நம்மிடம் இல்லை. நம் மாவட்டக் காரியாபட்டி அருகே கல்லூரி நடத்தும் சேது நிறுவனத்தாரின் பெயரோடு மதுரையில் 'சேது எஃப்.சி.' என்ற பெண்கள் அணி உண்டு; 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. (பெண்கள் விளையாட்டு குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது வேறொரு நாள் பேச்சு.) 2020-21 மகளிர் லீக் கொரோனாவால் நடக்கவில்லை. அதே காரணத்தால் இந்தியாவில் நடக்க இருந்த 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பை 2022-க்குப் போனது. 2020-க்காகப் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு 2022-ல் வயது கடந்து விட்டது. பெரியவர்களுக்கு ஒரு சீசன் போனால் அடுத்த சீசன் உண்டு. பதினாறு வயதுப் பையனுக்குப் பதினாறு வயது திரும்ப வராது.

நம்மிடம் இருந்தவை தெருவுக்கு ஒன்றாக இருந்த பையன்களின் அணிகள்தாம். அவற்றுக்குப் பனியனும் பந்தும் வாங்கித் தந்தது யார்? ஜவுளிக்கடை, செருப்புக்கடை, பிரியாணிக் கடை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ரமளான் வியாபாரத்திலிருந்து. 2020 ரமளான் முழுவதும் ஊரடங்கு. பெருநாள் தொழுகையே வீட்டில்தான். 2021-ல் மே 10 அன்று முழு ஊரடங்கு, மே 14 பெருநாள். கடைசி நான்கு நாள் வியாபாரம் என்றால் என்ன என்று இங்கே அமர்ந்திருக்கும் ஜவுளி வியாபாரிக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு சீசன் அடுத்தடுத்துப் போனது. பனியன் நின்றது. அணி நின்றது. வியாபாரம் மீண்டது, அணி மீளவில்லை. ஏன்? ஒரு தடவை நிறுத்திய செலவை வியாபாரி மறுபடி தொடங்க மாட்டார். இது குறை சொல்வதல்ல, வியாபாரத்தின் இயல்பு.

அந்த இரண்டு ஆண்டில் பையன்கள் கையில் செல்போன் வந்தது. படிப்புக்கு என்று வந்தது, பிறகு ரம்மி வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குப் போனது. மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டியவன் எங்கே இருந்தான் என்பதை வீட்டுக்கு வீடு தாய்மார்கள் அறிவார்கள்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. அதே 2020-ல் நோயைப் பரப்பியவர்கள் என்று நம் சமுதாயத்தின் மீது பழி போட்டார்கள். காய்கறி விற்றவரிடம் பெயரைக் கேட்டு விரட்டினார்கள். ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக் கூடும் என்றது. அதற்குள் பழி ஊரெல்லாம் சுற்றி வந்து விட்டது. சொந்தப் பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் அடக்கம் செய்ததும் தகனத்துக்குக் கொண்டு சேர்த்ததும் தமிழகமெங்கும் நம் இளைஞர்கள்தாம். எனக்குத் தெரிந்த சிலர் ஒரே அணியில் பந்தாடியவர்கள். ஒரு போன் செய்தால் பதினொரு பேர் வருவார்கள். அந்தப் பழக்கம் மேடைப் பேச்சால் வந்ததல்ல, மாலை நேர மைதானத்தில் வந்தது. எங்களைப் போன்ற பேச்சாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வணிகப் பெருமக்களிடம் என் கோரிக்கை இதுதான். ஒருவர் பத்தாயிரம் தர வேண்டாம். அவருக்கு ஒரு வருடம் வியாபாரம் படுத்தால் அணியும் படுத்து விடும். இருபது கடை, மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய், மாதம் நாலாயிரம். அதில் பாதியைச் செலவு செய்யாமல் வங்கியில் வையுங்கள். ஊரடங்கு வந்தாலும் ஓராண்டு தாங்கும். கணக்கை ஒருவர் கையில் விடாதீர்கள். இரண்டு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் கணக்கு. பனியனில் நம் அமைப்பின் பெயரோ கொடியோ வேண்டாம். அதே தெருவில் இருக்கும் மற்றச் சமூகத்துப் பையன்களும் நம் அணியில் ஆட வேண்டும், ஆடிக் கொண்டும் இருந்தார்கள். கடையின் பெயர் மட்டும் போதும். பயிற்சி அஸருக்குப் பிறகு தொடங்கட்டும், மஃரிப் பாங்குக்கு முடியட்டும்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பணம் இன்று வேண்டாம். தர விரும்பும் கடைக்காரர்கள் பெயரையும் கடையையும் எழுதுங்கள். ஆட விரும்பும் தம்பிகள் பெயரோடு பிறந்த தேதியையும் எழுதுங்கள்.