ரோகிணியின் சில நிமிஷங்கள்



 சந்திரனுக்குச் செல்லும் வாகனங்களைக் கொண்டாடும் உற்சாகத்தில், ரோகிணி என்னும் சிறு ராக்கெட் குடும்பத்தை அவற்றுக்கு முந்திய பாலபாடமாக மட்டுமே கருதும் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது சரியன்று என்பதே என் கட்சி.

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதன்முதலில் எழுந்தது அமெரிக்காவின் நைக்-அபாச்சி ராக்கெட். மாதா கோயிலே அலுவலகமாகவும், மாட்டுத் தொழுவமே ஆய்வுக்கூடமாகவும் விளங்கிய அந்த மீனவர் கிராமத்திலிருந்து, நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பர் 20 அன்று, எழுபத்தைந்து மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 32 கிலோ எடையும் கொண்ட நம்முடைய ரோகிணி ராக்கெட்டான ஆர்.எச். 75 கிளம்பியது. விட்டத்தையே பெயராகச் சூடிய 200, 300, 560 ஆகியவை பின்னர் வந்தன.

தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணம் பூமியின் காந்த நடுக்கோடு. பகல் வேளையில், ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், அக்கோட்டை ஒட்டி ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பலூன் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் அரிதாகவே ஏறும். துணைக்கோளோ அவ்வளவு தாழ்ந்து சஞ்சரித்தால் காற்றின் உராய்வில் அழிந்துபோகும். ஆகவே, அவ்விடத்துக்கே கருவியைக் கொண்டுபோய் அளந்து வருவதற்கு, ஆழம் பார்க்கக் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கும் கடலோடியைப் போல, ஆகாசத்தை நோக்கி ஒரு ராக்கெட்டை எய்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

ரோகிணியில் பயன்படும் திட எரிபொருளின் விசேஷமும் இங்கேதான் விளங்குகிறது. பிராணவாயு தரும் உப்பையும் எரியும் பிசினையும் குழைத்து வார்த்த அந்தக் கட்டியின் நடுவே விடப்படும் துவாரத்தின் வடிவமே, உந்துவிசை எப்போது ஓங்கும், எப்போது தணியும் என்பதை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறது. பற்ற வைத்த பின் அணைக்க இயலாது. (வாக்குக் கொடுத்துவிட்ட மனிதனைப் போல என்று சொல்லலாம், வாக்குக் காப்பவர்கள் மிகுந்திருந்தால்.) ஆனால், வார்த்து வைத்தது கூப்பிட்ட நேரத்துக்குத் தயாராக நிற்கும். 2010 ஜனவரி 15 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின்போது தும்பாவிலிருந்தும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் ரோகிணிகள் வரிசையாக எழுந்தனவே. கிரகணம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

ஆர்.எச். 200 எழுபது கிலோமீட்டரை எட்டித் தாமிர இழைகளைத் தூவும். அவை மிதந்து செல்லும் போக்கை ராடாரில் பார்த்து, அவ்வுயரத்துக் காற்றை அறிகிறோம். பல்லாண்டுகள் பி.வி.சி. பிசினில் ஓடிய அதற்கு 2020-இல்தான் புதிய ரப்பர் வகைப் பிசின் கிடைத்தது. ஆராய்ச்சிக்காரன் வேண்டுவது புதுமையல்ல, நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிடத் தக்க ஒரே மாதிரியான கருவி என்பதால், இத்தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை.

நான் தலைமை வகிக்கும் இந்த மேல்வளிமண்டல ஆராய்ச்சி அரங்கில் முதற் கட்டுரையாளருக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஆர்.எச். 560 நானூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று, அளந்து, கடலில் விழுந்துவிடும். எனவே அவகாசம் போதாதென்று அவர் முறையிட இயலாது. அவரை மேடைக்கு அழைக்கிறேன்.