தலைப்பாகையோடு போனது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது மதுரை வட்டாரத்துச் சிற்றூர்களில் இன்றும் வழங்கும் பழமொழி. இடி விழுந்து பனை எரிந்து மனிதன் பிழைத்தாலும், வண்டி குடைசாய்ந்து சக்கரம் மட்டும் முறிந்தாலும், இந்த ஒரு தொடரால் கேட்டவர் மனம் ஆறிவிடும். ஆறுதல் தருவது பழமொழியின் சிறப்பு. ஆறுதல் கிடைத்தவுடன் கேள்வியும் ஓய்ந்துவிடுவது அதன் குறை. தலைப்பாகையைத் தட்டிச் சென்றது எது, எங்கிருந்து வந்தது, மீண்டும் வருமா என்று எவரும் கேட்பதில்லை. பயணியர் விமானமும் படை விமானமும் வானில் மோதாமல் நூலிழையில் விலகும் நிகழ்ச்சிகளை முன்வைத்து, அந்தக் கேளாமையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

வானூர்தி தமிழ்க் கற்பனைக்குப் புதியதன்று. ஓட்டுவார் இல்லாமலே செல்லும் வான ஊர்தியைப் புறநானூறு பேசுகிறது. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். மதுரையை விட்டு வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்த கண்ணகி, பதினான்காம் நாள் வானவூர்தியில் கோவலனோடு விண்ணேறுகிறாள். இம்மூன்று இடங்களிலும் ஊர்தி தனித்தே செல்கிறது. எதிரே மற்றோர் ஊர்தி வரும் என்ற அச்சம் அந்தப் புலவர்களுக்கு இல்லை. அவர்கள் கண்ட வானம் அவ்வளவு விரிந்தது.

இன்றைய மதுரை வானம் அத்தகையதன்று. நகருக்குத் தெற்கே, பெருங்குடி, அவனியாபுரம் பக்கமுள்ள விமான நிலையமே இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், ஆங்கிலேய அரசின் விமானப்படை பயன்படுத்திய தளம்தான். பயணியர் விமானம் அங்கு வந்தது 1956இல். படையின் ஓடுபாதை மக்களின் ஓடுபாதையாயிற்று. எனினும் படை இந்த வானத்தை விட்டு நீங்கிவிடவில்லை. வடகிழக்கே தஞ்சாவூரில் 2013இல் விமானப்படை நிலையம் திறக்கப்பெற்றது. 2020 சனவரியில் சுகோய் போர் விமானங்களின் அணி ஒன்று அங்கே நிலைகொண்டது. தென்கிழக்கே இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து வான்தளம். வடமேற்கே கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்கள். இம்மூன்றுக்கும் நடுவே மதுரைச் சமவெளி கிடக்கிறது. தஞ்சையிலிருந்து மதுரை, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் போர் விமானத்திற்கு அது பத்து நிமிடத் தொலைவு.

அத்தகைய விமானம் ஒன்றும், மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பயணியர் விமானம் ஒன்றும் நேரெதிரே வருமாயின், ஒவ்வொரு நொடியிலும் இடைவெளி ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் குறையும். ஒரு குறட்பாவைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கிலோமீட்டர் கரைந்துவிடும். மனிதக் கண்ணை நம்பி வானில் வழி விலக முடியாது.

ஆகவே வானம் பங்கிடப்பட்டிருக்கிறது. பயணியர் விமானங்களுக்கு வழித்தடங்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பறப்பவற்றிற்கிடையே 1,000 அடி உயர வேறுபாடு உண்டு. படைகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகள் உண்டு. 2020 மே மாதத்தில் நடுவண் நிதியமைச்சர், இந்திய வான்வெளியில் 60 விழுக்காடு மட்டுமே பயணியர் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று அறிவித்தார். எல்லை வகுத்துவிட்டதால் இடர் தீர்ந்துவிடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடிமேகம் குறுக்கிட்டால் பயணியர் விமானம் தடத்தை விட்டு ஒதுங்க வேண்டும். பயிற்சி முடித்துத் தளம் திரும்பும் போர் விமானம் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். இரு தரப்பும் பெரும்பாலும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒருவர் குரல் மற்றவர் காதில் விழாதபோது, இருவருக்கும் நடுவே நிற்பவை தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர்களின் தொலைபேசி உரையாடலும், விமானத்திலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவியும்தான். எதிரே வரும் விமானம் தன் இருப்பையும் உயரத்தையும் அலைகளால் அறிவித்தால்தான் அந்தக் கருவி அதனை உணரும். அவ்வறிவிப்பை அணைத்துவிட்டுப் பறக்கும் படை விமானம், கருவியின் கண்ணுக்கு இல்லாத பொருளே.

இந்தப் பங்கீட்டின் விலையை இந்தியா ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1996 நவம்பர் 12ஆம் நாள் மாலை, அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, தில்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானமும் தில்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர் மாண்டனர், ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டில் எதுவும் போர் விமானம் அன்று. ஆயினும் தில்லி வானின் பெரும்பகுதி விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், வருவோர்க்கும் போவோர்க்கும் ஒரே தடம்தான் இருந்தது. சவூதி விமானத்திற்கு 14,000 அடி. கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி. பின்னது தனக்குக் குறித்த உயரத்தினும் கீழே இறங்கிவிட்டது. தில்லியின் அன்றைய ரேடார் உயரத்தைக் காட்டவில்லை. கசகஸ்தான் விமானக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறைவும் விசாரணையில் சுட்டப்பட்டது. சொல்லை ஆள்வோர் நிறைந்த இந்த அவை நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது: கேட்ட சொல் ஒன்று, கொண்ட பொருள் வேறு என்றானபோது, இரண்டு விமானங்கள் எரிந்து வயல்களில் விழுந்தன.

நீதிபதி லகோத்தி தலைமையிலான ஆணையம் ஆராய்ந்தது. வருகைக்கும் புறப்பாட்டிற்கும் தனித்தனித் தடங்கள், உயரம் காட்டும் ரேடார், மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்குதல் ஆகிய பரிந்துரைகள் வந்தன. யாவும் நல்லவை. யாவும் 349 பேருக்குப் பின் வந்தவை. சப்பானிலும் இதுவே நடந்தது. 1971 சூலை 30ஆம் நாள், பயிற்சியிலிருந்த போர் விமானம் ஒன்று பயணியர் விமானத்தோடு மோதி 162 பேர் இறந்த பின்னரே, பயிற்சி வானையும் பயணியர் தடத்தையும் பிரிக்கும் சட்டத் திருத்தம் வந்தது.

சாவு வந்தால் ஆணையம் வருகிறது. சாவு அருகில் வந்து திரும்பினால் என்ன வருகிறது? 2018 மே 21 அன்று சென்னை வான்வெளியில் பயணியர் விமானம் ஒன்றும் விமானப்படை விமானம் ஒன்றும் நெருங்கி விலகின. விசாரணை தொடங்கியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பின்னர் மக்கள் மறந்தனர். 'மயிரிழையில் உயிர் தப்பினர்' என்ற தொடரோடு இத்தகைய செய்திகள் முடிந்துவிடுகின்றன.

மறதியின் விளைவை வாசிங்டன் நகரம் காட்டிற்று. 2025 சனவரி 29 இரவு, தரையிறங்க வந்த பயணியர் விமானமும் இராணுவ எலிகாப்டரும் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தன. 67 பேர் மாண்டனர். பின்னர் ஆய்வாளர்கள் பதிவேடுகளைப் புரட்டினர். 2021 அக்டோபர் முதல் 2024 திசம்பர் வரை, அந்த ஒரு விமான நிலையத்தருகே பயணியர் விமானங்களும் எலிகாப்டர்களும் அளவு மீறி நெருங்கிய நிகழ்வுகள் 15,214. அவற்றுள் 85, உயரத்தில் 200 அடிக்கும் குறைவான இடைவெளியில் நிகழ்ந்தவை. எண்கள் முன்பே பதிவாகியிருந்தன. 85 முறை தலைப்பாகை போயிற்று. அடுத்த முறை தலை போயிற்று.

பிந்திய விசாரணையின் விலை மதுரைக்குத் தெரியும். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் அன்றே சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளிருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று தெரிந்திருக்கும். தெரிந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. சிலம்பு உடைந்ததில் பிழை இல்லை; உடைந்த காலமே பிழை. வள்ளுவரும் வருமுன் காவாமையைக் குற்றங்கடிதல் என்ற அதிகாரத்திலேயே வைத்தார்.

இறந்தவர்க்கு இரங்கத் தமிழில் கையறுநிலை என்றொரு துறையே உண்டு. இறவாமல் தப்பியவர்க்கு, எப்படித் தப்பினோம் என்று கேட்க ஒரு துறை இல்லை. அதனை இந்த வட்டத்துக் கவிஞர்கள் தொடங்கலாம். அதற்கு முன், வாசகராக எளியதொன்றைச் செய்யலாம். 'மயிரிழையில் தப்பினர்' என்ற செய்தியைப் படிக்கும் நாளில் மூன்று வினாக்களை எழுதி, அந்தச் செய்தித்தாளுக்கே அனுப்பலாம்: எந்த உயரத்தில், எவர் இசைவோடு இரண்டும் அங்கே இருந்தன? விசாரணை அறிக்கை வெளியாயிற்றா? அதன்பின் எது மாற்றப்பட்டது?

மாலையில் சென்னை விமானம் பெருங்குடிக் கண்மாய்க்கு மேலே தாழ்ந்து இறங்கும்போது, கீழே மாடு ஓட்டிவரும் சிறுவன் நிமிர்ந்து கையசைக்கிறான். மேலே உள்ளவர்கள் நலமாக இறங்கிவிடுவார்கள் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. அந்த நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு, கேள்வி கேட்கத் தெரிந்த பெரியவர்களைச் சேர்ந்தது.