கல்லீரல் முறையிடாது, நாம்தான் விசாரிக்க வேண்டும்

(மௌலா அலியில் நடந்த நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தப் பேட்டையில் எச்.பி. என்றால் ஹவுஸிங் போர்டு காலனி. நான் பேச வந்த எச்.பி. வேறு, ஹெபடைடிஸ் பி. 1998ல் ஒரு ரத்த தான முகாமில் செய்த பரிசோதனையில் எனக்கு அது இருப்பது தெரிய வந்தது. அன்று முதல் அதோடுதான் குடித்தனம். நான் டாக்டர் அல்ல. ஒரு விஞ்ஞானப் பட்டதாரி படித்ததையும் ஒரு நோயாளி அனுபவித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மஞ்சள் காமாலை என்றவுடன் நமக்கு நினைவு வருவது கீழாநெல்லியும் மோரும். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெருமை கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது! பி, சி வகைகள் முக்கியமாக ரத்தத்தின் மூலம் பரவுபவை. ஆறு மாதத்துக்கு மேல் உடம்பில் தங்கிவிட்டால் அது நாள்பட்ட நோய். கண் மஞ்சளாகாது, பசி குறையாது. பல வருஷங்கள் சத்தமில்லாமல் கல்லீரலில் தழும்பு ஏறி, சிரோஸிஸிலோ புற்றுநோயிலோ கொண்டு விடலாம்.

கீழாநெல்லியை நான் குறைத்துப் பேசவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். 1988ல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது. மூலிகை சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு முறை கிடைத்த விடை மறுபடியும் கிடைத்தால்தான் அது விஞ்ஞானம். ஆகவே கீழாநெல்லியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் சீறி எழும் அபாயம் உண்டு.

டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கின்றன. எல்லோருக்கும் அவை தேவைப்படுவதும் இல்லை. அதை முடிவு செய்வது டாக்டர், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து. ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் பாக்கியசாலிகள்; சுமார் மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது.

என் நடைமுறை இதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும். பென்ஷன் லைஃப் சர்டிஃபிகேட் போல, தவறவே கூடாது. மது ஒரு சொட்டும் வேண்டாம். பூஞ்சை பூத்த வேர்க்கடலையைத் தூக்கி எறியுங்கள்; அதிலுள்ள அஃப்ளடாக்ஸின் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிகாட்டும். சர்க்கரையும் தொந்தியும் கட்டுக்குள் இருக்கட்டும்; கிருமியோடு கொழுப்பும் சேர்ந்தால் லிவர் தாங்காது. ஜுரத்துக்குப் பாரசிட்டமால் கூட டாக்டர் சொன்ன அளவில்தான். கஷாயம், லேகியம் எதுவானாலும் அவரிடம் சொல்லிவிட்டே சாப்பிடுங்கள். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை டாக்டர்கள் 2021ல் எழுதியிருக்கிறார்கள். வேறு நோய்க்கு ஸ்டீராய்டோ கீமோதெரபியோ கொடுக்கும்முன், பி இருப்பதை அந்த டாக்டருக்கும் தெரிவியுங்கள். நமக்குப் பிடித்த செய்தியும் ஒன்று உண்டு: காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம்.

இனி, மனசில் உள்ளதைச் சொல்கிறேன். விஷயம் தெரிந்த பிறகு ஒரு உறவினர் வீட்டு விசேஷத்தில் எனக்கு மட்டும் தனி டம்ளர், தனி இலை. நோயை விட அது அதிகம் வலித்தது. இந்தக் கிருமி ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ, தட்டு டம்ளராலோ, தொடுவதாலோ பரவாது. ரத்தம், தாம்பத்திய உறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தை, பிறர் உபயோகித்த ஊசி, ரேஸர், டூத் பிரஷ் ஆகியவைதான் வழி. ஆகவே வரன் பார்க்கும்போது இதை மறைக்கவும் வேண்டாம், இதற்காக நல்ல சம்பந்தத்தைத் தட்டிவிடவும் வேண்டாம். தடுப்பூசி போட்டுக்கொண்டு, அது பலித்ததா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டால் துணைக்குப் பயமில்லை.

அந்தத் தடுப்பூசியில் நம் ஹைதராபாத்துக்குப் பெருமை உண்டு. வரப்ரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997ல் ஷான்வாக்-பியைக் கொண்டு வந்து, இறக்குமதி ஊசியின் விலையில் இருந்ததைச் சாமானியர் கைக்கு எட்டும்படி செய்தது. என் மனைவி, பிள்ளைகளைப் பரிசோதித்து மூன்று ஊசியும் போட்டுவிட்டோம். ஒருவருக்கும் ஒட்டவில்லை. பேரக் குழந்தைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி விழ வேண்டும். பிரசவ அறையில் பாட்டிமார் ஞாபகப்படுத்துங்கள்.

2018ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதுவரை பார்த்துக்கொள்ளாதவர்கள் ஆயுளில் ஒரு முறையாவது எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இருக்கிறது என்று வந்தால் கலங்க வேண்டாம். எழுபதைத் தாண்டி உங்கள் முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறேனே!

எல்லோரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.